பதினோரு பைசா மருந்து

கோவில்பட்டிப் பக்கம் கோபம் வந்தால் வாயில் முதலில் வந்து விழுகிற வசவு எது தெரியுமா? ‘பேதியில போவான்!’

இன்னும் கொஞ்சம் காரம் வேண்டுமென்றால், ‘கழிச்சல்ல போறவன்!’

எங்கள் ஆச்சிக்கு இது வசவு மட்டுமில்லை. கொஞ்சலும் இதுதான். பள்ளிக்கூடம் விட்டு நேரம் கழித்து வீட்டுக்கு வந்தால், ‘எங்கிட்டுப் போய்த் தொலைஞ்ச, பேதியில போவான்... வா, வந்து சாப்பிடு’ என்று தட்டை எடுத்து வைப்பாள். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காதுக்கு அது ‘கண்ணே, மணியே’ மாதிரிதான் இருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

மனுஷன் எதற்குப் பயப்படுகிறானோ அதை வைத்துத்தான் அடுத்தவனைச் சபிப்பான். கரிசல் காட்டுக்காரர்களுக்குப் பேதி அத்தனை பெரிய பயம். அந்தப் பயத்துக்கு இருநூறு வருஷ வயது.

1817-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கிற ஜெஸ்ஸோர் பக்கத்தில் காலரா கொத்துக் கொத்தாக ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. படை நகர்ந்த பாதை, யாத்திரை போன பாதை, வியாபாரிகளின் வண்டிப்பாதை... எல்லாவற்றிலும் சேர்ந்து நடந்து, மறு வருஷமே தெற்கே வந்து சேர்ந்துவிட்டது. காலையில் உழவுக்குப் போனவன் சாயங்காலம் சுடுகாட்டில் இருந்தான். ஏழைகளின் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைத் தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே சர் தாமஸ் மன்றோ, மதராஸ் மாகாணத்தின் கவர்னர், அவரையே 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் ஒரே நாளில் காலரா கொண்டு போய்விட்டது. கவர்னருக்கே அந்தக் கதி என்றால், ஊருணித் தண்ணீரை நம்பி வாழ்ந்த கரிசல் கிராமங்களின் கதி என்னவாக இருந்திருக்கும்?

கரிசல் பூமியின் சங்கடமே தண்ணீர்தான். மழை பெய்தால் காலை எடுத்து வைக்க முடியாத சேறு. வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பல ஊர்களில் கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர். மாடு குளிக்கிற, மனுஷன் குடிக்கிற ஊருணி ஒன்றுதான் கதி. கோவில்பட்டி டவுனுக்கே தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் போட்டு வரவேண்டியிருக்கிறது. ஊருணி வற்றி, அடியில் கலங்கல் மட்டும் கிடக்கிற சித்திரை, வைகாசியில் ஊருக்குள் பேதி வரும். பெரியவர்கள் எப்படியோ எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தைகள்தான் போகும்.

எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள்.

1976, சித்திரை மாசம். எட்டயபுரம் போகிற பாதையில் எங்கள் கிராமம். அவளுக்குப் பதினாலு மாசம். முதல் நாள் நாலு தடவை கழிந்திருக்கிறது. ‘பல்லு முளைக்கு, அப்படித்தான் கழியும்’ என்றார்கள். இரண்டாம் நாள் நிற்கவில்லை. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. தொக்கம் எடுத்தார்கள். திருநீறு போட்டார்கள். வீட்டில் இருந்த எல்லாப் பெரியவர்களும் ஒரே குரலில் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: ‘தண்ணி மட்டும் குடுத்துராத. குடிக்கக் குடிக்கப் போகும். வயித்தைக் காயப் போடு!’

அம்மாவுக்கு அப்போது இருபது வயது. மாமியார் சொல்லை மீறுகிற வயதா அது? தாய்ப்பாலையும் நிறுத்தினார்கள். பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து மண்பானைகிட்டயே போனதாம். ஒவ்வொரு தடவையும் அம்மா தூக்கிக்கொண்டு வந்து விட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் கோவில்பட்டிக்கு பஸ்ஸில் கொண்டு போகும்போது, பாதி வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் யாரைக் குற்றம் சொல்ல? ஆச்சி கொடுமைக்காரி இல்லை. பேத்தி செத்த துக்கத்தில் ஒரு மாசம் அடுப்புப் பக்கமே வராதவள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். ‘உள்ளே ஊற்றினால் வெளியே வரும். ஊற்றாவிட்டால் வராது.’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், தப்பான கணக்கு. நான் பி.காம். படித்தவன், எனக்குப் புரிகிற மாதிரி சொன்னால்... செலவை நிறுத்த முடியாத ஒரு கம்பெனியில் வரவையும் நிறுத்துகிற வேலை அது. திவால்தான் மிச்சம்.

பேதியில் செத்தவர்கள் கிருமியால் செத்ததைவிட, தண்ணீர் வற்றிச் செத்ததுதான் அதிகம். கடுமையான காலராவில் வளர்ந்த ஆளுக்கே ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை போகும். கூடவே உடம்பில் இருக்கிற உப்பும் போகும். போனதைத் திருப்பி வைத்தால் ஆள் பிழைத்துக்கொள்வான். கிருமியை உடம்பே நாலைந்து நாளில் விரட்டிவிடும்.

இந்த விஷயம் தெரிந்து எத்தனை வருஷமாகிறது, சொல்லுங்கள்? 1831-லேயே தெரியும்! இங்கிலாந்தில் வில்லியம் ஓ’ஷாக்னெஸி என்ற இளைஞர், காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, ‘தண்ணீரும் உப்பும் குறைந்துபோயிருக்கிறது’ என்று எழுதினார். (இவர்தான் பிற்பாடு கல்கத்தாவுக்கு வந்து இந்தியா முழுக்கத் தந்திக் கம்பி இழுத்த அதே ஓ’ஷாக்னெஸி!) அதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து டாக்டர், 1832-ல் சாகக் கிடந்த நோயாளிகளின் ரத்தக் குழாயில் உப்புத் தண்ணீரை ஏற்றினார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் தொங்குகிறதே சலைன் பாட்டில், அதற்குத் தாத்தா அதுதான். லாட்டா மறு வருஷமே இறந்துபோனார். மற்ற டாக்டர்கள் அந்த யோசனையையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அதைத் தூசி தட்டி எடுத்த பிறகுதான் சலைன் வைத்தியம் நிலைத்தது.

ஆனால், சலைனுக்குப் பாட்டில் வேண்டும். சுத்தமான ஊசி வேண்டும். குத்தத் தெரிந்த கை வேண்டும். இது எதுவும் இல்லாத ஊரில்தானே பேதி வருகிறது?

‘அப்படியானால் வாய் வழியாகவே உப்புத் தண்ணீர் கொடுத்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்துப் பார்த்தார்கள். குடல் அதை வாங்கவில்லை. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற டாக்டர், கொஞ்சம் லேசான காலரா கண்டிருந்த 186 பேருக்கு உப்போடு குளுக்கோஸையும் கலந்து குடிக்கக் கொடுத்துக் குணப்படுத்தினார். 1953-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். மேல்நாட்டு டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளுக்கோஸில் என்ன சூட்சுமம்? 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி விளக்கினார். குடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. உப்பு தனியாகப் போனால் அந்த வாசல் திறக்காது. சர்க்கரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் திறக்கும். உப்பும் சர்க்கரையும் ஜோடியாக உள்ளே போனதும், பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். காலரா எத்தனை மோசமாக இருந்தாலும் இந்த ஒரு வாசல் மட்டும் கெடுவதில்லை!

வாசல் தெரிந்தாலும் அளவு தெரிய வேண்டுமே. மணிலாவில் அமெரிக்கக் கடற்படை டாக்டர் பிலிப்ஸ் செய்த சோதனையில், கரைசல் கனமாகிப்போய்ச் சில நோயாளிகள் இறந்தார்கள். அதன் பிறகு டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள் பொறுமையாக ஒரு வேலை செய்தார்கள். நோயாளிக்கு எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். வரவும் செலவும் நேர்! 1968-ல் 29 நோயாளிகளிடம் செய்த அந்தச் சோதனையில், ஏற்ற வேண்டிய சலைன் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆஸ்பத்திரிக்குள் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது சரி. வீட்டில், ஒரு அம்மா இதைச் செய்ய முடியுமா? ‘முடியவே முடியாது’ என்றுதான் பெரிய டாக்டர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பதில் சொல்ல ஒரு யுத்தம் வந்தது.

1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோரம் பொங்காவ் என்ற சின்ன ஊர். மழை. முகாம்களில் காலரா. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் இரண்டே அறைகள், பதினாறு கட்டில்கள். தரை முழுக்க நோயாளிகள். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த திலீப் மகலனோபிஸ் என்ற குழந்தை மருத்துவர், ஜூன் மாதக் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தார். கால் வைக்க இடமில்லை. வாந்தியிலும் பேதியிலும் முட்டி போட்டுத்தான் ஊசி குத்த வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் சலைன் கிட்டத்தட்டத் தீர்ந்துபோனது.

மகலனோபிஸ் அப்போது ஒரு முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தா மையத்தின் லைப்ரரி அறை பாக்கெட் கம்பெனியாக மாறியது. ஒருவர் நிறுக்க, ஒருவர் பாலிதீன் பையில் கொட்ட, ஒருவர் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்ட... பாக்கெட்டுகள் பொங்காவுக்குப் பறந்தன. பெரிய டிரம்களில் கரைத்து, அடியில் குழாய் வைத்தார்கள். யார் ஊட்டுவது? நர்ஸுக்கு எங்கே போவது? அம்மா, அக்கா, புருஷன், பாட்டி... யார் கூட இருக்கிறார்களோ அவர்கள் டம்ளரில் பிடித்துக்கொண்டு போய் ஊட்டினார்கள்.

எட்டு வாரம். சுமார் 3,700 நோயாளிகள். முகாம்களில் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று இருந்த சாவு, நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்துவிட்டது.

செலவு? ஒரு லிட்டருக்குப் பதினோரு பைசா!

உடனே உலகம் கை தட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? கட்டுரையைப் போடவே பத்திரிகைகள் தயங்கின. 1973-ல்தான் அது அச்சில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த தீமன் பருவா என்ற டாக்டர் நேரில் பார்த்துவிட்டுப் போய்ப் பிடிவாதமாக வாதாடிய பிறகே விஷயம் நகர்ந்தது. 1978-ல் ‘லான்செட்’ தலையங்கமே எழுதியது, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று.

சரி, மருந்து வந்துவிட்டது. அதைக் கிராமத்து வீடு வரை கொண்டு போய்ச் சேர்ப்பது யார்? அதைச் செய்து காட்டியவர் ஒரு டாக்டர் இல்லை. ஒரு அக்கவுன்டன்ட்! (எங்கள் இனம் என்பதால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்.) ஃபஸ்லே ஹசன் அபெத். ஷெல் கம்பெனியில் நிதிப் பொறுப்பில் இருந்தவர், வேலையை விட்டுவிட்டு வங்கதேசத்தில் ‘பிராக்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 1980-லிருந்து பத்து வருஷம், அவருடைய பெண் ஊழியர்கள் கிராமம் கிராமமாக நடந்தார்கள். பாக்கெட்கூடக் கிடையாது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அவ்வளவுதான் பாடம். சொல்லிவிட்டு வந்துவிட மாட்டார்கள். அந்த அம்மாவையே கரைக்கச் சொல்லி, சரியா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

அபெத்தின் அக்கவுன்டன்ட் மூளை இங்கேதான் வேலை செய்தது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்து அவர் சம்பளம் போடவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், சொல்லிக் கொடுத்த வீடுகளில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துக் கேள்வி கேட்பார். அம்மாக்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குக் காசு! அப்படியும் ஆரம்பத்தில் தாய்மார்கள் கற்றுக்கொண்டார்களே தவிர, குழந்தைக்குக் கொடுக்கவில்லை. காரணம் தேடினால், சொல்லிக் கொடுத்தவர்களுக்கே நம்பிக்கை இல்லை! அவர்களுக்கு அது வேலை செய்கிற விதத்தை விளக்கி, தாங்களே குடித்துக் காட்டச் சொல்லி, ஊர் ஆம்பளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி... பத்து வருஷத்தில் சுமார் 1.2 கோடி வீடுகள்.

உப்பும் வெல்லமும்! கோவில்பட்டியில் நின்றுகொண்டு இதை யோசித்தால் வயிறு பிசைகிறது. முப்பத்தைந்து, நாற்பது மைல் தள்ளித் தூத்துக்குடியில் மலை மலையாக உப்பளம். ஊருக்குள் தெருத்தெருவாக வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாயின் ஊர் இது. மருந்து முழுவதும் எங்கள் அடுக்களையிலேயே இருந்தது. உப்புப் போட்ட புழுங்கலரிசிக் கஞ்சியும் இருந்தது. அந்த மாவுச்சத்தும் குடலுக்குள் போய் சர்க்கரையாகி அதே வாசலைத் திறக்கும். இல்லாமல் இருந்தது ஒரே ஒரு செய்தி மட்டும்தான்.

இன்றைக்குச் செய்தி வந்துவிட்டதா? பாதிதான் வந்திருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்திருக்கிறது. துத்தநாக மருந்து கிடைத்தது நூற்றுக்கு முப்பது பேருக்கு. உலகம் முழுக்க இப்போதும் வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேலான குழந்தைகள் ஐந்து வயதுக்குள் பேதியில் போகிறார்கள். நம்ம ஊரில் இன்னொரு வியாதியும் இருக்கிறது. வாயால் குடிக்கிற பிள்ளைக்கும் ‘ஒரு பாட்டில் ஏத்திருங்க டாக்டர்’ என்று நாமே கேட்பது. ஊசி குத்தினால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை!

அதனால், தெரிந்தவர்கள் மன்னித்துக்கொண்டு இன்னொரு தரம் கேளுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கடையில் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். பழ ஜூஸ் மாதிரி டப்பாவில் வந்த இனிப்புத் தண்ணீரெல்லாம் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெயர் போட்டுக்கொண்டிருந்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடி, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி அரை டம்ளரில் கரைக்கிற வேலை கூடாது. பாக்கெட் கைக்கு வருகிற வரை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு, தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கீழே கொட்டுங்கள்.

இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை கழிந்த பிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி மெதுவாக. கரைத்தது இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரையை டாக்டரோ நர்ஸோ சொல்கிற அளவில், பேதி நின்ற பிறகும் பதினாலு நாள் முடிகிற வரை கொடுக்க வேண்டும். ரத்தமாகப் போனாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, கண் குழி விழுந்தாலோ, மூத்திரம் போகாமல் இருந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினாலோ... யோசிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கைக்குழந்தை என்றால் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவது நல்லது. போகிற வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்கள்.

2022 அக்டோபரில் மகலனோபிஸ் கொல்கத்தாவில் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், அவர் இல்லாதபோது. அவர் இறந்த செய்தி வந்த அன்றைக்கு நான் ஊரில் இருந்தேன். பொங்காவ் கதையை அம்மாவிடம் சொன்னேன். டிரம், குழாய், டம்ளர், பதினோரு பைசா, எல்லாம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அது எந்த வருஷம்ய்யா?”

“எழுபத்தொண்ணும்மா.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பிள்ளை போனது எழுபத்தாறு” என்றாள்.

அப்புறம் எழுந்து உள்ளே போகும்போது, “ஊருக்குப் போகையில மறக்காம ரெண்டு பாக்கெட் வாங்கிட்டுப் போ. பேரன் இருக்கான்ல... வீட்ல கிடக்கட்டும்” என்றாள்.